காந்தக் கிண்ணம்

காய்ச்சிய பாலை ஆற்றுவதற்கு இரண்டு குவளைகள் போதும். கோடைக் காலத்தில் தண்ணீரைக் குளிரச் செய்வதற்கு ஒரு மண்பானை போதும். ஓர் உலோகத்தின் அணுக்களை, அவை ஆவியாகவே இருக்கும் நிலையில், குளிரச் செய்வதற்கு என்ன வேண்டும்? இது குழந்தை கேட்கும் வினாப்போலத் தோன்றும். எனினும் இதற்கு விடை காண முயன்ற அறிஞர் சிலர் தம் வாழ்நாளில் இருபது முப்பது ஆண்டுகளை இதற்கென்றே செலவிட்டனர். அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி நான் பல காலமாகப் படித்து வருகிறேன். வென்றவர்களின் கதையைக் காட்டிலும், வெற்றி கைக்கு எட்டாமல் நின்ற ஓர் உலோகத்தின் கதையே என் மனத்தை மிகுதியாகக் கவர்ந்தது. அதனைச் சொல்வதற்கு முன் சில செய்திகளை விளக்க வேண்டும்.

சூடு என்பது அணுக்களின் ஓட்டமே. அசைவற்றது என்று நாம் எண்ணும் அறைக்காற்றிலும் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் நாற்புறமும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. சோடியத்தை உலையிலிட்டு ஆவியாக்கினால், அவ்வாவியின் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். ஓர் அணுவின் இயல்பை நுணுகி ஆராய விரும்புவோர்க்கு இவ்வேகம் பெருந்தடையாகும். விரைந்து செல்லும் புகைவண்டியில் அமர்ந்திருப்பவரின் முகத்தை, நிலையத்தில் நிற்பவர் எவ்வளவு தெளிவாகக் காண இயலும்? ஓட்டம் குறையக் குறையச் சூடு குறையும். அவ்வாறு குறைவதற்குக் கடைசி எல்லை, பனிக்கட்டி உருகும் நிலைக்குக் கீழே 273.15 பாகையில் உள்ளது. அதனைத் தனிச்சுழி என்பர். அச்சுழியிலிருந்து எண்ணும் பாகைக்குக் கெல்வின் என்று பெயர். நாம் வாழும் அறையின் வெப்பம் ஏறத்தாழ 300 கெல்வின்.

குளிர்விப்பது அரிது, குளிர்ந்ததைக் காத்து வைப்பது அதனினும் அரிது. எந்தப் பாத்திரத்தில் வைப்பது? பாத்திரத்தின் சுவர் சூடாக இருந்தால், அதனைத் தொட்டவுடன் அணுக்களும் சூடேறிவிடும். சுவரும் குளிர்ந்திருந்தால், சோற்றுப் பானையின் மூடியில் நீராவி படிவதுபோல உலோக ஆவி சுவரிற் படிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அது ஆவியாக இராது. ஆகவே சுவரே இல்லாத பாத்திரம் ஒன்று வேண்டும். கரையில்லாத குளம் வேண்டும் என்று கேட்பது போன்றது இது. ஆயினும் அத்தகைய பாத்திரம் ஒன்று கிடைத்தது. காந்தத்தால் ஆகிய கிண்ணம் அது.

இக்கிண்ணத்தில் இடப்படும் உலோகங்களைப் பற்றி ஒரு சொல். சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கத்தியால் வெண்ணெய்போல அறுக்கக்கூடிய மென்மை உடையவை. சீசியம் 28.5 பாகைச் சென்டிகிரேடிலேயே உருகிவிடும். கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடிய சீசியத்தைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தால், கைச்சூட்டிலேயே அது பொன்னிறத் திரவமாக ஓடக் காணலாம். குழாய் உடைந்தாலோ, காற்றுப் பட்ட மாத்திரத்தில் தீப்பற்றும். இந்நான்கு உலோகங்களின் அணுக்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அணுவின் புறவட்டத்தில் துணையின்றித் தனித்து ஓர் எலெக்ட்ரான் இருக்கிறது. அத்தனி எலெக்ட்ரானால் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தமாக விளங்குகின்றது. காந்தக் கிண்ணம் அணுவைப் பற்றிக்கொள்ளும் பிடி அதுவே.

ஆனால் அந்தப் பிடி மிகவும் மெலிந்த பிடி. உலையிலிருந்து பாய்ந்துவரும் அணுவை அதனால் நிறுத்த முடியாது. முதலில் ஒளியைக் கொண்டு வேகத்தைத் தணிக்க வேண்டும். சோடிய அணு மஞ்சள் ஒளியை விரும்பி உட்கொள்ளும். பின்னர் அதனை உமிழ்ந்துவிடும். எதிர்த்திசையிலிருந்து வரும் ஒளித்துகள் ஒன்றை உட்கொள்ளும் போதெல்லாம், அணுவின் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே குறையும். 1,000 மீட்டர் வேகம் எங்கே, 3 சென்டிமீட்டர் எங்கே! ஓடிவரும் யானையை மல்லிகை மொட்டுகளை எறிந்து நிறுத்த முயல்வது போன்ற செயல் இது. எனினும் ஓர் அணு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒளியை ஏற்று உமிழ வல்லது. ஆகவே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மொட்டுகளை எறிவதும் அரிதன்று, யானையும் நின்றுவிடும்.

தன்னை நோக்கி வரும் அணுவை மட்டும் ஒளி தடுக்க வேண்டும். விலகிச் செல்லும் அணுவைத் தள்ளிவிடக் கூடாது. இதற்கும் வழி உண்டு. நம்மை நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் ஒலி உச்சமாகவும், விலகிச் செல்லும் வண்டியின் ஊதல் தாழ்வாகவும் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. அணு விரும்பும் ஒளியைவிடச் சற்றே தாழ்ந்த அதிர்வுடைய லேசர் ஒளியைப் பாய்ச்சினால், எதிரே வரும் அணுவுக்கு மட்டும் அது தனக்குரிய ஒளியாகத் தோன்றும். இவ்வழியை 1975 ஆம் ஆண்டில் ஹென்ஷ், ஷாலோ என்னும் இருவர் எடுத்துரைத்தனர். 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சூவும் அவர் தோழரும், ஆறு திசைகளிலிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சோடிய அணுக்களை ஒரு கெல்வினில் பத்து இலட்சத்தில் 240 பங்கு வெப்பத்துக்குக் கொணர்ந்தனர். வெல்லப்பாகில் விழுந்த எறும்புபோல அணுக்கள் அவ்வொளியில் நகர முடியாமல் தவித்தன. அவர்கள் அதற்குச் சூட்டிய பெயரும் ஒளிப்பாகு என்னும் பொருள்படுவதே. ஆனால் பாகில் விழுந்த எறும்பும் மெல்ல ஊர்ந்து கரையேறிவிடும். அணுக்களும் அவ்வாறே ஒரு நொடிக்குள் வெளியேறிவிட்டன.

அதே 1985 ஆம் ஆண்டில், மேரிலாந்து மாநிலத்துக் கெய்தர்ஸ்பர்க் நகரில், வில்லியம் பிலிப்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் முதல் காந்தக் கிண்ணத்தை அமைத்தனர். அதன் அமைப்பு மிக எளியது. இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். இரண்டிலும் மின்சாரம் எதிரெதிர்த் திசைகளில் ஓடும். நடுவே ஒரு புள்ளியில் இரு சுருள்களின் காந்த வலிமையும் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகிவிடும். அப்புள்ளியிலிருந்து எப்பக்கம் விலகினாலும் வலிமை ஏறிக்கொண்டே போகும். காந்தப் புலத்துக்கு எதிராகத் தலை வைத்திருக்கும் அணு, வலிமை குன்றிய இடத்தையே நாடும். ஆதலால் நடுப்புள்ளி அதற்குக் கிண்ணத்தின் அடிபோலவும், சுற்றிலும் ஏறும் வலிமை கிண்ணத்தின் சரிவுபோலவும் அமைகின்றன. புலத்தோடு இணங்கித் தலை வைத்திருக்கும் அணுவோ வலிமை மிக்க இடத்தை நாடி வெளியே ஓடிவிடும். அதனையும் பிடிக்கும்படி நடுவெளியில் வலிமை மிகுந்த ஒரு புள்ளியைப் படைக்கலாமே எனில், காந்தத்தின் இயற்கை விதி அதற்கு இடந்தரவில்லை. வெற்றிடத்தில் சுழியைப் படைக்கலாம். உச்சத்தைப் படைக்க முடியாது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெருந் தொல்லையாக வந்து நிற்கும்.

பிலிப்ஸ் அமைத்த கிண்ணத்தின் ஆழம், வெப்பத்தால் அளந்து சொன்னால், ஒரு கெல்வினில் ஆயிரத்தில் 17 பங்கே. அறையின் வெப்பத்தில் ஓடும் அணு ஒன்றுக்கு அது தட்டையான தாம்பாளம் போன்றது. விளிம்பைக் கவனியாமலே தாண்டிச் சென்றுவிடும். ஒளியால் தணிக்கப்பட்ட அணுக்கள் மட்டுமே அதில் தங்கின. அவையும் ஒரு நொடி நேரம்கூட முழுமையாகத் தங்கவில்லை. ஏன்? கிண்ணம் வைத்திருந்த கலத்திலிருந்து காற்றை எவ்வளவு இறைத்தாலும் சில மூலக்கூறுகள் எஞ்சியிருந்தன. அவை அறையின் வேகத்தில் பாய்ந்துவந்து, அமைதியாக ஆடிக்கொண்டிருந்த சோடிய அணுக்களை ஒவ்வொன்றாக மோதித் தள்ளிவிட்டன. குளிர்ந்த அணுக்களின் வரலாற்றில் மோதல் என்பது முதலில் பகையாகவே வந்தது. வெற்றிடத்தைச் செம்மை செய்யச் செய்ய, பிற்காலத்துக் கிண்ணங்களில் அணுக்கள் நிமிடக் கணக்கில் தங்கலாயின.

வெளியிலிருந்து வந்து மோதும் பகை ஒழிந்த பிறகு, உள்ளே இருக்கும் அணுக்கள் தம்முள் மோதிக்கொள்வதுதான் எஞ்சிநின்றது. அங்கேதான் இக்கதையின் சுவை தொடங்குகிறது என்பேன்.

மண்பானை நீர் குளிர்வது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். நீரின் மூலக்கூறுகளுள் சில மற்றவற்றைவிட விரைவாக ஓடுகின்றன. அவை பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகிப் போய்விடுகின்றன. சராசரிக்கு மேற்பட்ட ஆற்றலை அவை எடுத்துச் சென்றுவிடுவதால், எஞ்சிய நீர் குளிர்கிறது. இதே வழியைக் காந்தக் கிண்ணத்திலும் கையாளலாம் என்று 1986 ஆம் ஆண்டில் ஹரால்டு ஹெஸ் என்பவர் கூறினார். அவர் எண்ணியது ஹைட்ரஜனைப் பற்றி. பின்னர் உலோக அணுக்களுக்கும் அவ்வழியே உதவிற்று. விரைந்து ஓடும் அணு கிண்ணத்தின் சரிவில் உயர ஏறும். அவ்வுயரத்தில் உள்ள காந்த வலிமைக்குப் பொருந்திய வானொலி அலை ஒன்றைச் செலுத்தினால், அவ்வணு தலைகீழாகப் புரண்டுவிடும். புரண்ட அணுவுக்கு அங்கே இடமில்லை, வெளியே எறியப்படும். பாலின் மேற்படியும் ஆடையை எடுப்பதுபோல, வானொலி அலையால் மேலே ஏறிய அணுக்களை வழித்து எறிந்துகொண்டே வரலாம்.

ஒரு முறை வழித்தெறிந்தபின் என்ன ஆகும்? விரைந்தவை போய்விட்டன, மெல்ல ஓடுபவை மட்டும் இருக்கின்றன. அவற்றுள் மீண்டும் சில விரைந்தவை தோன்றினால்தானே மேலும் வழித்தெறிய முடியும்? அவை தோன்றுவதற்கு வழி மோதல் ஒன்றே. இரண்டு கோலிக் குண்டுகள் மோதும்போது ஒன்றின் வேகம் மற்றொன்றுக்குச் செல்வதைக் கண்டிருக்கிறீர்கள். அவ்வாறே அணுக்கள் தம்முள் மோதி வேகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று சிறிது விரைவாகும். மற்றொன்று சிறிது தணியும். விரைந்தது மேலேறி வெளியேறும். மோதல் இல்லையேல் குளிர்ச்சி இல்லை. முன்னே பகையாக வந்தது இங்கே நட்பாயிற்று.

ஆனால் எல்லா மோதலும் நட்பாவதில்லை. அணுவைச் சுழலும் பம்பரம்போல எண்ணிக்கொள்ளுங்கள். இரு பம்பரங்கள் உரசும்போது சில வேளைகளில் இரண்டும் நிமிர்ந்தபடியே விலகும்; சில வேளைகளில் ஒன்று சாய்ந்துவிடும். மோதலால் அணுவின் தலை புரண்டால், அது கிண்ணத்தை விட்டு வெளியேறும். புரளும்போது உள்ளிருந்த காந்த ஆற்றல் ஓட்டமாக மாறி வெளிப்படுவதும் உண்டு. அது மற்ற அணுக்களைச் சூடேற்றும். நல்ல மோதல் நூற்றுக்கணக்கில் நிகழ்வதற்குள் கெட்ட மோதல் ஒன்றுக்கு மேல் நிகழக் கூடாது. இக்கணக்குத் தவறினால், குளிர்வதற்கு முன்பே கிண்ணம் வெறுமையாகிவிடும். எந்த உலோகத்துக்கு எக்கணக்கு வாய்த்திருக்கிறது என்பது மனிதர் கையில் இல்லை. அணுவின் அமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

கிண்ணத்தின் அடியிலும் ஓர் ஓட்டை இருந்தது. நடுப்புள்ளியில் காந்த வலிமை சுழி என்றோம் அன்றோ? அங்கே வந்த அணு, எத்திசையைப் பற்றி நிற்பது என்று அறியாமல் புரண்டுபோகும். அணுக்கள் குளிரக் குளிர அடியிலேயே மிகுதியாகத் தங்குவதால், இவ்வோட்டை வழியே ஒழுகிப்போயின. மாறும் காந்தப் புலத்தில் அணு எவ்வாறு புரளும் என்பதை 1932 ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டவர் எட்டோரே மயோரானா என்னும் இத்தாலிய இளைஞர். அவர் 1938 ஆம் ஆண்டில் பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸ் செல்லும் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார், பிறகு மறைந்துபோனார். அவர் எழுதியது அரை நூற்றாண்டுக்குப் பின் குளிர்ந்த அணுக்களின் கிண்ணத்தில் ஓட்டையாக வந்து நின்றதை நினைக்கும்போது எனக்கு ஏதோ ஓர் இரக்கம் உண்டாகிறது.

அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல் என்பவர் ஓட்டையை ஓயாமல் சுழற்றிவிட்டார். அணு அதனைச் சென்று சேர்வதற்குள் ஓட்டை வேறிடத்துக்குப் போய்விடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுல்ப்காங் கெட்டர்லே என்பவர் பச்சை நிற லேசர் ஒளியை ஓட்டையின்மேல் பாய்ச்சி, அணுக்கள் அங்கே அணுகாதபடி அடைத்தார். எளிமை கருதிக் கெட்டர்லேயின் அடைப்பையே நான் விரும்புவேன். ஆனால் காலத்தால் முந்தியது கார்னெலின் சுழற்சியே. 1995 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள், கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடிய ஆவியை ஒரு கெல்வினில் நூறு கோடியில் 170 பங்கு வெப்பத்துக்குக் கொணர்ந்தனர். பல இலட்சம் அணுக்களை வழித்தெறிந்தபின் எஞ்சிய ஏறத்தாழ 2,000 அணுக்கள், தனித்தனி ஓட்டத்தை விட்டு ஒரே அலைபோல ஆயின. நம் நாட்டு அறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் 1924 ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். அதனை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய நிலை ஒன்று உண்டாகும் என ஐன்ஸ்டைன் கணித்திருந்தார். அதே 1995 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கெட்டர்லே சோடியத்தில் அந்நிலையைக் கண்டார். கார்னெல், வீமன், கெட்டர்லே மூவருக்கும் 2001 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இயற்கையின் நேரிய கணக்குப்படி, அவ்வளவு குளிரில் உலோகம் ஆவியாக இருக்கவே கூடாது. கட்டியாக உறைய வேண்டும். அது ஏன் உறையவில்லை? இரண்டு அணுக்கள் இணைவதற்கு, இணையும்போது வெளிப்படும் ஆற்றலைச் சுமந்து செல்ல மூன்றாவது அணு ஒன்று அதே வேளையில் அருகில் இருக்க வேண்டும். அந்த ஆவியோ காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு நொய்மையானது. மூன்று அணுக்கள் ஒரே இடத்தில் சந்திப்பது அரிது. அச்சந்திப்பு நேர்வதற்குள் கிடைக்கும் சில நொடிகளையோ சில நிமிடங்களையோ கடன் வாங்கிக்கொண்டுதான் அறிஞர்கள் இவ்வளவும் செய்கிறார்கள்.

இங்கே பொட்டாசியத்தைப் பற்றியும் கூறாமல் இருக்க முடியாது. பொட்டாசியம் 40 என்னும் வகை, இயற்கைப் பொட்டாசியத்தில் பதினாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே உள்ளது. இவ்வகை அணுக்கள் ஒரே நிலையில் இருப்பின் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. மிகுந்த குளிரில் அவற்றிடையே மோதலே நின்றுவிடும். மோதல் இல்லையேல் குளிர்ச்சி இல்லை என்று முன்னே கண்டோம். அவ்வாறாயின் இவற்றை எப்படி மேலும் குளிர்விப்பது? போல்டர் நகரில் டெபோரா ஜின் என்னும் பெண்மணி ஒரு வழி கண்டார். காந்தக் கிண்ணத்தில் தங்கக்கூடிய இருவேறு சுழற்சி நிலைகளில் அணுக்களைக் கலந்து வைத்தார். ஒரே நிலையினர் தம்முள் மோதாவிடினும், வேறு நிலையினருடன் மோதலாம் அன்றோ? 1999 ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணவர் பிரையன் டெமார்க்கோவும் இவ்வழியில் வெற்றி கண்டனர். ஜின் 2016 ஆம் ஆண்டில், நாற்பத்தேழாம் வயதில் காலமானார்.

இனி, நான் முதலிற் குறிப்பிட்ட உலோகத்துக்கு வருகிறேன். அது சீசியம். அறிஞர் உலகில் சீசியத்துக்குத் தனியிடம் உண்டு. 1967 ஆம் ஆண்டு முதல் நொடி என்னும் அளவே அதனைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. சீசிய அணுவுக்குரிய அதிர்வு 9,192,631,770 முறை நிகழும் காலமே ஒரு நொடி. அதன் இயல்பை அறிஞர் நன்கு அறிந்திருந்தனர். ஒளியாலும் அதனை எளிதிற் குளிர்விக்க முடிந்தது. ஆகவே பலர் அதனையே முதலில் நாடினர். கார்னெலும் வீமனும்கூடத் தொடக்கத்தில் சீசியத்தைத்தான் காந்தக் கிண்ணத்தில் இட்டு, 1993 ஆம் ஆண்டில் அதன் மோதலை அளந்தனர். பின்னரே ருபீடியத்துக்கு மாறினர். பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் இருந்தவர்கள் சீசியத்தை விடவில்லை.

நல்ல மோதல் சீசியத்தில் மிகுதியாக இருந்தது. அதனைக் கண்டு அவர்கள் ஊக்கம் கொண்டனர். ஆனால் கெட்ட மோதலும் எவரும் எதிர்பாராத அளவு மிகுதியாக இருந்தது. அணு குளிரக் குளிர அது தணியவில்லை. 1998 ஆம் ஆண்டில் பாரிசில் ழான் தலிபார் என்பவரின் குழுவினர் அதனை அளந்தபோது, முன்னே கணக்கிட்டு வைத்திருந்ததைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக் கண்டனர். சீசியம் கனத்த அணு. அதன் எலெக்ட்ரான்கள் 55. அவற்றின் ஓட்டமும் சுழற்சியும் ஒன்றோடொன்று வலுவாகப் பின்னியிருப்பதால், இரண்டு அணுக்கள் நெருங்கும்போது பம்பரங்கள் எளிதிற் சாய்ந்துவிடுகின்றன. கிண்ணத்தில் தங்கக்கூடிய வேறொரு நிலையிலும் சீசியத்தை வைத்துப் பார்த்தனர். அங்கும் அணுக்கள் புரண்டு புரண்டு வெளியேறின. நோக்கிய எல்லைக்கு மிக அருகில் வந்தபின் ஆவி முழுவதும் அழிந்துபோகும்.

இத்தொல்லைக்கு மருந்து ஒன்று உண்டு என்பதை எல்லாரும் அறிந்தே இருந்தனர். ஆற்றலிற் கடைப்படியில் உள்ள அணுவுக்குப் புரண்டு விழ வேறு கீழ்ப்படி இல்லை. ஆகவே அந்நிலையில் வைத்தால் சீசியம் புரளாது. ஆனால் கடைப்படியில் உள்ள அணு எப்பொழுதும் வலிமை மிக்க காந்தத்தையே நாடும். வெற்றிடத்தில் அத்தகைய உச்சத்தைப் படைக்க முடியாது என்பதை முன்னரே கண்டோம். காந்தக் கிண்ணத்தில் தங்கும் அணு எதுவாயினும், அது மேற்படியில் நிற்கும் அணுவே. விழுவதற்கு இடமுள்ள அணுவே. கிண்ணம் தாங்கக்கூடிய சீசியம் அழிகிறது. அழியாத சீசியத்தைக் கிண்ணம் தாங்காது. இப்படி ஒரு முடிச்சை இயற்கை எவ்வளவு அமைதியாகப் போட்டு வைத்திருக்கிறது!

ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புரூக் நகரில் ருடால்ப் கிரிம் என்பவரின் குழுவினர் இம்முடிச்சை அவிழ்த்தனர். காந்தக் கிண்ணத்தையே அவர்கள் கைவிட்டனர். லேசர் ஒளிக்கற்றைகளாலேயே ஒரு பொறியை அமைத்து, கடைப்படிச் சீசியத்தை அதில் இட்டனர். ஒளிப்பொறிக்கு அணுவின் தலை எப்பக்கம் இருந்தாலும் ஒன்றே. காந்தத்தை அவர்கள் அடியோடு ஒதுக்கிவிடவில்லை. கனத்த சீசியம் தன் எடையால் கீழே சரியாதபடி அதனைத் தாங்கிப் பிடிக்க ஒரு காந்தச் சரிவை அமைத்தனர். அணுக்களின் மோதலைக் கூட்டவும் குறைக்கவும் காந்த வலிமையையே திருகாணிபோலப் பயன்படுத்தினர். 2002 ஆம் ஆண்டில் சீசியமும் ஒரே அலையாயிற்று. ருபீடியத்துக்குப் பின் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் கெட்ட மோதல்களை எண்ணி அளந்த அளவுகள் இல்லையேல், இன்ஸ்புரூக்கில் எந்நிலையில் அணுவைத் தொடங்குவது என்பதே தெரிந்திராது.

மோதல் கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. இக்காலத்துச் சீசியக் கடிகாரங்களுள் சிறந்தவை நீரூற்றுப் போன்றவை. ஒளியால் குளிர்வித்த அணு மேகத்தை மேல்நோக்கி எறிவர். அது ஒரு மீட்டர் அளவு எழுந்து, கீழே விழும். அவ்வளவு நேரமும் அதன் அதிர்வை எண்ணுவர். எழும்போதும் விழும்போதும் அணுக்கள் தம்முள் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு மோதலும் அதிர்வைச் சிறிதளவு பிறழச் செய்கிறது. இதனை 1993 ஆம் ஆண்டில் கர்ட் கிப்பிளும் ஸ்டீவன் சூவும் அளந்து காட்டினர். அதனால் கடிகாரம் காப்போர் செறிந்த மேகத்தை ஒரு முறையும், நொய்ய மேகத்தை ஒரு முறையும் எறிந்து பார்க்கின்றனர். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையிலிருந்து, மோதலே இல்லாத மேகம் எப்படி அதிர்ந்திருக்கும் என்று கணக்கிடுகின்றனர். ருபீடியத்தில் இப்பிறழ்ச்சி பன்மடங்கு குறைவு. பாரிசு வான்நோக்ககத்தில் உள்ள நீரூற்று ஒன்று சீசியத்தையும் ருபீடியத்தையும் ஒருசேர மேலே எறிந்து, இரண்டின் காலத்தையும் ஒத்துப் பார்க்க வல்லது.